கழுதை உதைத்த காசு

"அப்பா, அந்தக் கால் காசைக் கேட்டு வாங்குங்க."

நஞ்சப்பன் கையிலிருந்த இட்லி சட்னிக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றுவிட்டது. நாச்சம்மாள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

அந்த வீட்டில் நர்மதா கேட்கக் கூடாதது என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கல்யாணம் இப்போது வேண்டாம் என்று சொல்லலாம். ஸ்கூட்டர் வேண்டும் என்று அழுது வாங்கலாம். அப்பாவின் அடிபட்ட காலுக்கான காசைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. அஞ்சாம் வகுப்பிலிருந்து அம்மா அவளுக்குச் சொல்லி வரும் சட்டம் அது.

"வாயை மூடறயா இல்லியாடி?"

"மூட மாட்டேன். நேத்து பால் சங்கத்துப் படியில முட்டி மடங்கி விழுந்தாரு. எட்டு லிட்டர் பாலு படியில போச்சு. நாளைக்கு இவரே போவாரு."

நஞ்சப்பன் இட்லியைத் தட்டில் வைத்தார். "அம்முணி, அந்தக் காசு சண்டையில அடிபட்டவனுக்கு உண்டானது. எனக்கு அடிபட்டது சண்டையிலயா?"

"செவலை மட்டும் சண்டையிலயா செத்துச்சு?"

செவலை அவர்கள் வீட்டுச் சிந்துமாடு. போன மாதம் மழையில் நனைந்த புல்லை வயிறு முட்டத் தின்று, உப்பிப்போய், விடிவதற்குள் செத்துவிட்டது.

"அதுக்கு இன்சூரன்ஸ் கேக்கறோமா இல்லீங்களா? காதுல மஞ்ச வில்லை மாட்டியிருந்தா, புலி அடிச்சாலும் குடுக்கறான், புல்லு தின்னு செத்தாலும் குடுக்கறான். உங்களுக்கும் பட்டாளத்துல நம்பர் போட்டுத்தானுங்க பனியில நிக்க வெச்சாங்க?"

"மாடும் மனுசனும் ஒண்ணா?"

"இல்லீங்க. மாட்டுக்கு வெக்கமில்லை. அது ஒண்ணுதான் வித்தியாசம்."

நஞ்சப்பனின் போன் 'டிங்' என்றது. மாதக் கடைசி. அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்தார், போனை எடுத்தார். "பேங்குக்காரன் லோன் வேணுமான்னு கேட்டே உசுரை வாங்கறான்" என்று சொல்லிக்கொண்டே மாடு கட்டும் இடத்துக்குப் போய்விட்டார். சங்கடமான பேச்சு வந்தால் அவர் பின்வாங்கும் முகாம் அது.

இருபது வருடத்துக்கு முன்னால் நஞ்சப்பன் ஹவில்தார். பனிமலை மேலிருந்த காவல் முகாம்களுக்கு மண்ணெண்ணெயும் மாவும் சுமக்கும் கோவேறு கழுதைகள் அவர் பொறுப்பில் இருந்தன. ஒரு நாள் விடியற்காலை பாரம் கட்டிக்கொண்டிருந்தபோது, நானூற்றுப் பதினேழாம் நம்பர் உதைத்தது. இடது முழங்கால் சில்லு மூன்றாக உடைந்தது. பிறகு ஆஸ்பத்திரி, பிறகு பென்ஷன், பிறகு மலையாள நாட்டு ஓரத்தில் சொந்த ஊரான மீனாட்சிபுரம்.

வீட்டில் யாராவது 'கழுதை' என்றால், "கழுதையில்ல, மியூல்" என்று திருத்துவார்.

ஊருக்கு மியூலும் தெரியாது, கழுதையும் தெரியாது. "எல்லையில அடிபட்டதுங்க." அவர் ஊரில் சொன்னது அவ்வளவுதான். குண்டை ஊர்தான் சேர்த்துக்கொண்டது. அதிலிருந்து பால் சங்கத்தில் அவருக்கு வரிசை கிடையாது. ஆகஸ்ட் பதினைந்துக்குக் கொடி ஏற்றுவது அவர்தான். படாத குண்டுக்கான மரியாதையைக் கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொள்வார். பட்ட உதைக்கு உண்டான காசென்றால் கூசிப்போவார். நர்மதாவுக்கு ஆத்திரமே இதில்தான்.

"பாஸ்புக்கையாவது குடும்மா. பென்ஷன் என்ன கணக்குல வருதுன்னு பாக்கறேன். நான் பி.காம்."

அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. அதை நாளைக்கு ஒரு தடவையாவது ஞாபகப்படுத்துவாள்.

"பி.காம் படிச்சவ மொதல்ல உலையில அரிசியப் போடு" என்றாள் நாச்சம்மாள். பாஸ்புக் ராகி டிரம்முக்கு அடியில் இருந்தது. அதை நாச்சம்மாளைத் தவிர யாரும் தொட்டதில்லை.

நர்மதா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராகப் பால் சங்கத்துக்குப் போனாள்.

சங்கத்துச் செயலாளர் தனபால் நல்ல மனுஷர். ஒரே ஒரு குறை. எந்தச் செய்தி அவர் காதுக்குள் போனாலும் விழாவாகத்தான் வெளியே வரும்.

"அண்ணா, எங்கப்பாவோட காலுக்கு அரசாங்கம் பணம் குடுக்கோணுமுங்க. இவரு கேக்க மாட்டேங்கறாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாரு."

தனபாலின் கண் கலங்கியது. "நாட்டுக்காகக் காலைக் குடுத்துட்டுக் காசு வேண்டாங்கறாரா? என்ன மனுசன்! நீ ஊட்டுக்குப் போ அம்முணி. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். சாயங்காலம் நர்மதாவின் போனுக்கு ஒரு படம் வந்தது. வருகிற சனிக்கிழமை ஓணம் போனஸ் கொடுக்கும் கூட்டத்தில் கட்டப்போகும் ஃப்ளெக்ஸ். யாரோ வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுதும்போது எடுத்த நஞ்சப்பனின் முகம். அதற்குக் கீழே வேறு யாருடைய உடம்போ, கையில் துப்பாக்கி. பின்னால் தீ. மேலே மூன்று விமானம். 'எல்லையில் குண்டு தாங்கிய எங்கள் குன்றே!'

நர்மதா தலையில் கை வைத்துக்கொண்டு மறுபடியும் ஓடினாள்.

"அண்ணா, குண்டை எடுத்துருங்க. குண்டு இல்லீங்க."

"பின்ன?"

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. நாற்பது பேர் கேனோடு நிற்கும் வரிசையில் அதைச் சொல்ல முடியவில்லை.

"அது... பாரம் ஏத்தீட்டுப் போறதுங்க."

"லாரியா?"

"லாரி போகாத மலையில போறது."

"பனியிலயா?"

"பனியிலதானுங்க."

"நாலு சக்கரமா?"

"நாலு... நாலுதானுங்க."

"இவரு எங்க நின்னாரு?"

"பொறகால."

"ரிவர்ஸ்ல வந்துருச்சா!" தனபால் நெஞ்சில் கை வைத்தார். "எனக்குப் புரிஞ்சுபோச்சு. நீ சொல்ல வேண்டாம், உனக்கு வேதனையா இருக்கும்."

மறுநாள் புது ஃப்ளெக்ஸ் வந்தது. முதல் ஃப்ளெக்ஸைவிட இரண்டு மடங்கு பெரியது. தீ அப்படியே இருந்தது. விமானம் போய், நஞ்சப்பனின் தலைக்குப் பின்னால் ஒரு பீரங்கி வண்டி ஏறி நின்றது. 'பீரங்கி ஏறியும் அசராத பெருமகனே!'

நஞ்சப்பன் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தார். "பீரங்கி எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். "வேண்டாமுன்னு சொல்லிப்போடட்டுமா?" என்றார் பிறகு, அரை மனதாக.

"சொல்லுங்க. என்ன உதைச்சுதுன்னும் சேத்தே சொல்லுங்க" என்றாள் நர்மதா.

அவர் சொல்லப் போகவில்லை.

பேசி ஆகாது என்று நர்மதாவுக்குத் தெரிந்துவிட்டது. இனி மூளைதான். ஊனப் பென்ஷன் விண்ணப்பத்தை இணையத்திலிருந்து எடுத்து, அவளே நிரப்பினாள். பெயர், நம்பர், வயது ஐம்பத்தாறு, அடிபட்ட இடம் இடது முழங்கால், காரணம் கோவேறு கழுதை உதைத்தது. எல்லாம் இங்கிலீஷில். கையெழுத்துதான் பாக்கி.

கையெழுத்தில் நஞ்சப்பனுக்கு ஒரு பலவீனம் உண்டு. பட்டாளத்தில் பழகியது. முதல் எழுத்தில் ஒரு சுழி, கடைசியில் நீளமாக ஒரு வால், கீழே இரண்டு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. ஊரில் யார் என்ன காகிதம் கொண்டுவந்தாலும் ரசித்துப் போட்டுக் கொடுப்பார். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டார். போட இடம் எங்கே என்றுதான் பார்ப்பார்.

செவலையின் இன்சூரன்ஸ் காகிதம் ஐந்து. அதற்கு நடுவில் நாலாவதாக நர்மதா விண்ணப்பத்தைச் செருகினாள்.

"செவலை பேப்பருங்க. ஆறு கையெழுத்து."

"கொண்டா, கொண்டா." சுழி, வால், கோடு, புள்ளி. ஆறு முறை.

பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த நாச்சம்மாள் நிமிர்ந்து அந்த நாலாவது காகிதத்தைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். உதட்டோரம் ஏதோ துடித்தது. மறுபடி குனிந்து கல் பொறுக்கினாள்.

படித்த படிப்பு முதல் தடவையாக உருப்படியாகப் பயன்பட்ட சந்தோஷத்தில் நர்மதா குளிக்கப் போனாள். குளித்துவிட்டு வந்தபோது மேஜை மேல் காகிதம் எதுவும் இல்லை.

"அம்மா, செவலை பேப்பரு?"

"உங்கப்பா பால் ஊத்தப் போறப்ப எடுத்துட்டுப் போயிட்டாரு. நீதான் பாவம், அலையறயாம்."

ஈரத் தலையோடு ஸ்கூட்டர் பறந்தது.

"வந்துருச்சு, வந்துருச்சு. பத்திரமா பீரோவுல வெச்சுட்டேன்" என்றார் தனபால்.

"அதுல ஒரு தாளு மாறி வந்துருச்சுங்கண்ணா. அதை மட்டும் குடுங்க."

தனபால் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "அம்முணி, உனக்குச் சங்கத்து வழக்கம் தெரியாதா? இன்சூரன்ஸ் காகிதம் உள்ள வந்தா, கூட்டத்துல மைக்குல படிச்ச பொறகுதான் வெளிய போகும். செத்தது மாடா, பக்கத்து ஊட்டு ஆடான்னு ஊரு கேக்கோணுமல்ல? அந்தக் காலத்துல ஒரே எருமைக்கு மூணு தடவை..."

"இது எருமையில்லீங்க!"

"செவலைன்னு தெரியுமே! நானே வந்து மாலை போட்டனே!"

சனிக்கிழமை கூட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. மேடையில் பீரங்கி. பீரங்கிக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில், வெள்ளைச் சட்டையில், இடது காலை நீட்டிக்கொண்டு நஞ்சப்பன். தனபால் சால்வை போர்த்தினார். கைதட்டல் ஓய்ந்ததும், "இனி இன்சூரன்ஸ் பட்டியல். ஒவ்வொண்ணாப் படிக்கறேன், ஆட்சேபனை இருந்தா எந்திரிச்சுச் சொல்லுங்க" என்றார்.

மைக்கைப் பிடித்தால் தனபாலுக்கு முன்னால் படித்துப் பார்க்கும் வழக்கம் கிடையாது. இங்கிலீஷில் கண்ணை ஓட்டி, தமிழில் வாயை விடுவார்.

"காளிச்சாமி. கறவை மாடு, ஏழு வயசு. பாம்பு கடி."

"நாந்தாங்க" என்று முன்வரிசையில் காளிச்சாமி கை தூக்கினார்.

"நஞ்சப்பன். சிந்துமாடு, ஆறு வயசு. வயித்து உப்புசம்." இரண்டு தாள் புரண்டது. "இன்னொண்ணும் நஞ்சப்பன் பேருலயே. வயசு அம்பத்தாறு. எடது முட்டி. காரணம்... கழுதை உதைச்சது."

காளிச்சாமி எழுந்தார். "ஏனுங்க, அம்பத்தாறு வயசு மாட்டுக்கு எவன் இன்சூரன்ஸ் போட்டுக் குடுத்தான்?"

தனபால் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தாளைப் பார்த்தார். நாற்காலியில் நீட்டியிருந்த காலைப் பார்த்தார். திரும்பிப் பீரங்கியைப் பார்த்தார். "நாலு சக்கரமுன்னுதானே அம்முணி சொல்லுச்சு..." என்று மைக்கிலேயே முனகினார்.

கடைசி வரிசையில் நர்மதா, பூமி பிளந்தால் முதல் ஆளாகக் குதிக்கத் தயாராக இருந்தாள்.

நஞ்சப்பன் எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்து மைக்குக்கு வந்தார்.

"கழுதையில்லீங்க. மியூல்" என்றார்.

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

"நெசந்தானுங்க. உதைச்சது அதுதான். குண்டுன்னு நீங்க சொன்னீங்க, எனக்கு மறுக்க மனசு வல்லை. ஆஸ்பத்திரியில என்ற பக்கத்துக் கட்டில்ல ஒரு பையன் கிடந்தான். கண்ணிவெடி. ரெண்டு காலும் இல்லை. 'அண்ணா, உனக்கு என்னாச்சு?'ன்னு கேட்டான். நான் மூணு நாள் சுவத்தைப் பாத்துப் படுத்துட்டேன். நாலாம் நாள் டாக்டர் வந்து சத்தமாப் படிச்சுப்போட்டாரு, இப்ப தனபால் படிச்ச மாதிரியே. வார்டே சிரிச்சுதுங்க. அந்தப் பையனும் சிரிச்சான். வந்ததிலிருந்து அவன் சிரிச்சது அன்னிக்குத்தானாம்."

அவர் மைக்கை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டார்.

"அவனுக்குக் குடுக்கற காசும் எனக்குக் குடுக்கற காசும் ஒரே பேருல வருமுன்னாங்க. எனக்கு ஆகாதுங்க. இந்த இருவது வருசத்துல இந்தக் காலுக்குன்னு ஒத்தப் பைசா நான் கையால வாங்குனதில்லை. மியூல்கிட்ட உதைபட்டவன் வாங்கப்படாதுங்க."

காளிச்சாமி முதலில் தட்டினார். அப்புறம் கூரை அதிர்ந்தது. குண்டுக்குத் தட்டியதைவிட மியூலுக்கு இரண்டு மடங்கு தட்டினார்கள். தனபால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது சால்வையைத் தேடினார். பெண்கள் பக்கத்தில் நாச்சம்மாள் மட்டும் தட்டாமல், முந்தானையைத் திருகிக்கொண்டு, ஃப்ளெக்ஸின் பீரங்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்மதாவுக்கு உள்ளங்காலிலிருந்து எரிந்தது. காலை வரைக்கும் அவர் குண்டு பட்டவர் மட்டும்தான். இப்போது தியாகி. இனி இவரை விண்ணப்பத்துக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோக முடியாது. அந்தப் பையனின் காசு அந்தப் பையனுக்குப் போகிறது; இவர் வாங்காததால் அவனுக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் வரப்போவதில்லை. வலிக்கிற முட்டிக்கு யார் அடித்தது என்று தெரியுமா? இதையெல்லாம் மைக்கில் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. மேடைக்குப் போய், தனபால் கையிலிருந்து அந்தத் தாளை உருவிக்கொண்டு, கூட்டத்தைப் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

ரோட்டுக்கு எதிர்ப்புறம் அக்ஷயா சென்டர். ஊரின் ரேஷன் கார்டு முதல் பாஸ்போர்ட் வரைக்கும் எல்லாம் அங்கே ஜிஜி சேச்சியின் விரல் நுனியில். நவம்பர் தோறும், உயிரோடு இருக்கிறேன் என்று விரல் வைக்க நஞ்சப்பனும் அங்கேதான் வருவார். நாச்சம்மாள் கூடவே வருவாள்.

"சேச்சி, இதை இப்பவே ஏத்துங்க. கையெழுத்து இருக்கு. அவரு சம்மதம் வேண்டாம், நான் முடிவு பண்ணிட்டேன்."

ஜிஜி தாளை வாங்கிப் பார்த்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னும் கைதட்டல் கேட்டது. பெருமூச்சு விட்டு, எழுந்து, 'பென்ஷன்காரர்' என்று எழுதிய கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"இதைப் படி. நீ பி.காம் இல்லே?"

போன நவம்பரில் எடுத்த நஞ்சப்பனின் பென்ஷன் சீட்டு. இரண்டு வரி. முதல் வரி சர்வீஸ் பென்ஷன். இரண்டாவது வரியை நர்மதா மூன்று முறை படித்தாள். ஊனத்துக்கானது. தொடங்கிய வருடம், அவர் ஊருக்குத் திரும்பிய அதே வருடம்.

"இது... வந்துட்டிருக்கா?"

"ஆதியிலிருந்தே. ரெண்டும் சேர்ந்துதானே ஒரே அக்கவுண்டில் விழுது. உங்கப்பா வேண்டாம்னு சொல்லி, ஒப்பு போடாமல் வந்துட்டாராம். பேப்பர் வீட்டுக்கு வந்திருக்கு. உங்கம்மா அதை மாட்டு லோன் பேப்பருக்கு நடுவில வெச்சு நீட்டியிருக்கு. அவரும் பாக்காம போட்டுக் கொடுத்தாச்சு." ஜிஜி விண்ணப்பத்தின் அடியில் இருந்த சுழியையும் வாலையும் தொட்டுக் காட்டினாள். "இதே ஒப்பு. ரெண்டு புள்ளியோட."

கால் காசைக் கேட்காதே. பாஸ்புக்கைத் தொடாதே. முறத்துக்கு மேலே துடித்த அந்த உதடு. நர்மதா நாற்காலியில் உட்கார்ந்தாள். கேட்டால் இல்லை என்று வந்துவிடும் என்று அம்மா பயந்ததாகத்தான் இத்தனை வருடம் நினைத்திருந்தாள்.

"எங்கம்மா நாலாவது வரைக்கும்தான் சேச்சி படிச்சுது."

"அதனால் என்ன? உன் காலேஜ் ஃபீசெல்லாம் பின்ன எங்கிருந்து வந்ததுன்னு நினைச்சே? எட்டு லிட்டர் பாலிலிருந்தா?"

நர்மதா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தது நானூற்றுப் பதினேழாம் நம்பர்.

எதிரே கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. இரண்டு சால்வையோடு நஞ்சப்பன் படியில் நின்றார். ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வாங்கவே இல்லை என்கிற பெருமையில் அந்த மனுஷருக்கு முட்டி வலிகூட மறந்திருந்தது. நாச்சம்மாள் இரண்டு படி தள்ளி, கைப்பையை மார்போடு அணைத்து நின்றாள்.

நர்மதா விண்ணப்பத்தை நாலாகக் கிழித்து ஜிஜியின் குப்பைக் கூடையில் போட்டாள். முடிவு பண்ணியாயிற்று. அம்மாவின் இருபது வருட வேலையைக் கெடுக்கப் போவதில்லை. அப்பா சாகும் வரைக்கும் வாங்காத மனுஷராகவே இருக்கட்டும்.

ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். நடந்தபடியே சொன்னாள்:

"சேச்சி, இது அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

ஜிஜி கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மாசக் கடைசியில் பென்ஷன் விழுந்த மெசேஜ் வருவது அவர் போனுக்கில்லே நர்மதா? ஆறு வருஷம் முன்னாடி வந்து என்னை அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, 'இது நாச்சம்மாளுக்கு மட்டும் தெரிய வேண்டாம்'னு சொல்லிட்டுப் போனாரு."